11 ரெப்போக்களுக்கும் பொதுவான ஸ்கிரிப்டுகளை எங்கே, எப்படி வைப்பது?

செந்தூல் நிரலாளர் (கோலாலம்பூர்)

அனைவருக்கும் வணக்கம். சிறு, நடுத்தர வணிகங்களுக்கான கணக்கியல், விலைப்பட்டியல் மென்பொருளை உருவாக்கும் ஒரு குழுவில் பணிபுரிகிறேன். மொத்தம் 22 பேர். பாதிப் பேர் கோலாலம்பூரிலும் மீதிப் பேர் பினாங்கிலும் இருக்கிறோம். மென்பொருள் ஒன்றுதான் என்றாலும் அதன் நிரல் 11 கிட் ரெப்போக்களில் (மாற்றங்களின் வரலாற்றோடு நிரலை வைக்கும் களஞ்சியங்கள்) பிரிந்து கிடக்கிறது. ஆறு ரெப்போக்கள் ஜாவாவில் எழுதப்பட்டு கிரேடில் என்ற கருவி கொண்டு பில்ட் செய்யப்படுபவை (மூல நிரலிலிருந்து ஓடும் மென்பொருளாக்கப்படுபவை), மூன்று டைப்ஸ்கிரிப்ட், இரண்டு பைத்தான். ஒவ்வொன்றிலும் 'ஸ்கிரிப்ட்ஸ்' என்றொரு கோப்புறை உண்டு. தரவுத்தளத்தைத் தயார் செய்வது, சோதனைத் தரவை உருவாக்குவது, பதிப்பு எண்ணைப் பொறிப்பது, வெளியீட்டைப் பொதியாக்கி சர்வருக்கு அனுப்புவது என்று எல்லாரும் அன்றாடம் ஓட்டும் ஸ்கிரிப்டுகள் அதில் இருக்கின்றன. புதிய ரெப்போ தொடங்கும்போதெல்லாம் பழைய ஒன்றின் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வைப்பதுதான் எங்கள் வழக்கம். போன வாரம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 143 கோப்புகள். ஒரே பெயர் கொண்டவற்றை ஒன்றாகக் கணக்கிட்டால் 31. அந்த 31-இல், வைக்கப்பட்ட இடங்களிலெல்லாம் எழுத்து மாறாமல் இருப்பவை நான்கே நான்கு.

இதன் விளைவை 2024 மார்ச் 1 அன்று அனுபவித்தோம். அன்றுதான் மலேசியாவில் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. உணவு பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்துமிடம், தளவாடச் சேவை ஆகியவற்றுக்கு மட்டும் 6 விழுக்காடே நீடித்தது. சோதனைத் தரவை உருவாக்கும் ஸ்கிரிப்டின் ஒன்பது நகல்களில் வரி விகிதம் வெறும் எண்ணாகவே எழுதப்பட்டிருந்தது. முந்தின நாள் மாலை அவற்றையெல்லாம் தேடித் தேடி 6-ஐ 8 ஆக்கினோம். அந்த அவசரத்தில் உணவகங்களுக்கான ரெப்போவிலும் மாற்றிவிட்டோம். சோதனை ஒன்றுகூடத் தோற்கவில்லை. விகிதத்தை உள்ளீடாகக் கொடுப்பதும் அந்த ஸ்கிரிப்ட்தான், வரவேண்டிய தொகையைக் கணக்கிட்டு ஒப்பிடுவதும் அதே ஸ்கிரிப்ட்தான் என்பதால், தவறு இரண்டு பக்கமும் சமமாக விழுந்து மறைந்துவிட்டது. அதே ஸ்கிரிப்ட் எழுதித் தரும் இயல்புநிலை அமைப்புக் கோப்புதான் வாடிக்கையாளர்களுக்கும் போகிறது. ஈப்போவில் உணவகம் நடத்தும் ஒருவர் மதிய நேரக் கூட்டத்துக்கு நடுவே தொலைபேசியில் அழைத்து, பில்லில் வரி கூடுதலாக விழுகிறது என்று சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதே காலையில் இன்னொன்றும் நடந்தது. ஒரு ரெப்போவில் மட்டும் யாரோ முன்யோசனையோடு, தேதியைப் பார்த்து விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும்படி ஸ்கிரிப்டைத் திருத்தியிருந்தார். காலை 7.40-க்கு அதன் சோதனைகள் சிவப்பாகின. நிரல் மாறும்போதெல்லாம் சோதனைகளைத் தானாக ஓட்டும் சிஐ இயந்திரத்தின் கடிகாரம் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னே. எங்களுக்கு மார்ச் 1 விடிந்திருக்க, அதற்கு இன்னும் பிப்ரவரி 29 இரவு 11.40. எட்டு மணிக்குப் பிறகு ஓட்டியபோது தானாகவே பச்சையாகிவிட்டதால், காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது.

இப்போது குழுவில் மூன்று யோசனைகள் உலவுகின்றன. பொது ஸ்கிரிப்டுகளைத் தனி ரெப்போவில் வைத்து மற்றவற்றில் கிட் சப்மாட்யூலாக (ஒரு ரெப்போவுக்குள் பொருத்தப்படும் இன்னொரு ரெப்போ) இணைப்பது ஒன்று. அவற்றை ஒரு பொதியாக வெளியிட்டுப் பதிப்பு எண்ணோடு பயன்படுத்துவது இன்னொன்று. 11 ரெப்போக்களையும் ஒரே ரெப்போவாக இணைத்துவிடுவது மூன்றாவது. இவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்து பார்த்தவர்கள், அது நாளடைவில் எங்கே வலித்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

பட்டர்வொர்த்தான் (பினாங்கு)

வணக்கம் தம்பி. பாயான் லெப்பாஸில் 19 ஆண்டுகளாக இந்த வேலைதான் பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி பில்ட் கருவிகளோடு கழிந்தது. உங்கள் மூன்று யோசனைகளும் 'எங்கே வைப்பது' என்ற கேள்விக்கான விடைகள். அதற்கு முன் 'இது என்ன வகைக் கோப்பு' என்ற கேள்வி இருக்கிறது. அதைத் தீர்க்காமல் எங்கே கொண்டுபோய் வைத்தாலும் ஒரே ஆண்டில் அதே குப்பை அங்கேயும் சேரும்.

அந்த 31 பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் யார் அழைக்கிறார்கள் என்று எதிரே குறியுங்கள். மனிதர்கள் பெயர் சொல்லி ஓட்டுபவை சில இருக்கும். மனிதர் கை படாமல், பில்டோ சிஐயோ அழைப்பவை வேறு சில. மூன்றாவதாக, ஏதோ ஒரு தரவு மாற்றத்துக்காக ஒரே ஒரு நாள் ஓட்டப்பட்டு, 'இருக்கட்டும், பின்னால் உதவும்' என்று விடப்பட்டவை கணிசமாக இருக்கும். இந்த மூன்றாவது வகையை இன்றே நீக்கிவிடுங்கள். கிட் வரலாற்றில் அவை என்றும் இருக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். அவை கோப்புறையில் இருப்பதால், புதிதாகச் சேர்பவருக்கு எதைத் தொடலாம், எதைத் தொட்டால் ஆபத்து என்று தெரியாமல் போகிறது. தரவுத்தள அட்டவணை ஒன்றைக் காலி செய்யும் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை, பெயரைப் பார்த்து ஏமாந்து ஓட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். நல்லவேளையாக அது சோதனைச் சர்வர்.

மனிதர்கள் ஓட்டுபவற்றுக்கு, எல்லா ரெப்போவிலும் ஒரே பெயர் இருக்கவேண்டும். கிட்ஹப் நிறுவனம் 2015-இல் தன் உள்வழக்கத்தை வெளியிட்டது: எந்தத் திட்டத்தைத் திறந்தாலும் 'ஸ்கிரிப்ட்' என்ற கோப்புறையில் பூட்ஸ்டிராப், செட்டப், டெஸ்ட், சர்வர் போன்ற ஒரே பெயர்கள் இருக்கும், உள்ளே என்ன மொழி, என்ன கருவி என்பது அந்தந்தத் திட்டத்தின் விஷயம். நான் பார்த்தவற்றில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தந்த ஏற்பாடு இதுதான். உங்கள் கிரேடில் ரெப்போவிலிருந்து டைப்ஸ்கிரிப்ட் ரெப்போவுக்கு மாறும் ஒருவர், சோதனையை எப்படி ஓட்டுவது என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. சிஐயும் அதே பெயர்களைத்தான் அழைக்கவேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். சிஐயின் அமைப்புக் கோப்பில் தனியாக 40 வரி கட்டளைகள் வளர ஆரம்பித்தால், 'என் கணினியில் ஓடுகிறது, அங்கே ஓடவில்லை' என்ற பேச்சும் கூடவே வளரும்.

இனி இடம். கிரேடில் ரேப்பர் எப்படி வேலை செய்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அது ஏற்கெனவே உங்கள் ஆறு ரெப்போக்களிலும் இருக்கிறது. ரெப்போவுக்குள் இருப்பது ஒரு சிறிய தொடக்க ஸ்கிரிப்டும், அதற்குத் துணையான ஒரு சிறிய ஜார் கோப்பும், எந்தப் பதிப்பை எங்கிருந்து இறக்கவேண்டும் என்று சொல்லும் ஒரு அமைப்புக் கோப்பும்தான். அந்த அமைப்புக் கோப்பில் ஷா-256 சரிபார்ப்புக் குறியையும் எழுதி வைத்தால், இறங்கியது சரியான கோப்புதானா என்று ஒப்பிட்ட பிறகே ஓட்டும். கனமான கிரேடில் வெளியே, பயனரின் கேஷ் கோப்புறையில் இருக்கிறது. இதனால் ஒவ்வொரு ரெப்போவும் தான் சோதித்துப் பார்த்த பதிப்போடு நிற்கிறது. புதிய பதிப்பு வேண்டுமானால் ஒரு வரியை மாற்றி, சோதனைகளை ஓட்டி, கமிட் செய்கிறது (மாற்றத்தை வரலாற்றில் பதிகிறது). உங்கள் பொதுக் கருவிகளுக்கும் இதே அமைப்பைச் செய்யலாம். பொது ரெப்போ ஒன்று. அதில் பதிப்பு எண்ணிட்ட வெளியீடுகள். ஒவ்வொரு ரெப்போவிலும் 20, 30 வரியில் ஒரு தொடக்கக் கோப்பு. பதிப்பையும் சரிபார்ப்புக் குறியையும் சொல்லும் இரண்டு வரிக் கோப்பு. உங்கள் இரண்டாவது யோசனைக்கு நெருக்கமானது இது, ஆனால் மூன்று மொழிகளுக்கு மூன்று பொதி மேலாளர்களைக் கட்டி மேய்க்கும் வேலை இதில் இல்லை. கிரேடில் பில்டின் உள்ளேயே ஓடவேண்டிய பொது விதிகளை மட்டும் இதில் திணிக்காமல், கிரேடில் செருகுநிரலாக எழுதுங்கள்.

சப்மாட்யூலை நான்கு ஆண்டுகள் பயன்படுத்தினேன். அதன் அடிப்படை சரியானதே: தாய் ரெப்போ ஒரு குறிப்பிட்ட கமிட்டைப் பதிந்து வைத்துக்கொள்கிறது, தானாக நகர்வதில்லை. வலித்தது மனிதர்களின் கையில். சப்மாட்யூலையும் சேர்த்து இறக்கும் விருப்பத்தைக் கொடுக்காமல் ரெப்போவைக் குளோன் செய்தால் (நகல் இறக்கினால்) கோப்புறை காலியாக நிற்கும். புதிய மாற்றங்களைப் புல் செய்தபின் (இறக்கியபின்) சப்மாட்யூலைத் தனியாகப் புதுப்பிக்க மறந்தால் பழைய ஸ்கிரிப்டே ஓடும், எந்த எச்சரிக்கையும் வராது. அதற்குள் நுழைந்து திருத்துபவர் எந்தக் கிளையிலும் இல்லாத நிலையில் கமிட் செய்துவிட்டு, அடுத்த புதுப்பிப்பில் தன் வேலையைக் காணோம் என்று தேடுவார். நான்கைந்து பேர் கொண்ட, கிட்டில் தேர்ந்த குழுவுக்கு அது போதும். 22 பேருக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆயர் ஈத்தாம் (பினாங்கு)

பட்டர்வொர்த் அண்ணன் சொன்ன பிரிவினையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் மூன்றாவது யோசனையை அவர் தொடவே இல்லை. செந்தூல் நண்பர் 'மென்பொருள் ஒன்றுதான்' என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறார். ஒன்றாக வெளியாகும் மென்பொருளுக்கு 11 ரெப்போக்கள் எதற்கு என்ற கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும். லினக்ஸ் கெர்னலைப் பாருங்கள். பில்டுக்கும் பேட்ச் (அனுப்பப்படும் திருத்தம்) சரிபார்ப்புக்கும் வேண்டிய கருவிகள் 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறையிலும், பெர்ஃப் போல பயனர் தனியாக ஓட்டும் கருவிகள் 'டூல்ஸ்' கோப்புறையிலும், மூல நிரலின் அதே மரத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஸ்கிரிப்டையும் அதை நம்பியிருக்கும் நிரலையும் ஒரே கமிட்டில் மாற்ற முடிகிறது. எந்தப் பதிப்புக்கு எந்தக் கருவி பொருந்தும் என்ற கேள்வியே எழுவதில்லை. ஒரே ரெப்போ என்றதும் கூகுள் 2015-இல் திறந்த மூலமாக வெளியிட்ட பேசல் போன்ற பெரிய பில்ட் கருவி வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். 22 பேர் அளவில் அது தேவைப்படாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மார்ச் 1 அன்று நடந்ததற்கு நகல்கள் பாதிக் காரணம்தான். ஒரே ஒரு ஸ்கிரிப்ட் இருந்து, அதில் ஒரே ஒரு 6 இருந்திருந்தால், அதை 8 ஆக்கியபோது உணவகங்களுக்கும் சேர்த்தே தவறாகியிருக்கும், அதுவும் ஒரே நொடியில். வரி விகிதம் ஸ்கிரிப்டுக்குள் இருக்கக்கூடாது. சேவை வகை, விகிதம், நடைமுறைக்கு வரும் தேதி ஆகிய மூன்றையும் கொண்ட ஒரு தரவுக் கோப்பாக அது வெளியே இருக்கவேண்டும். 2015 ஏப்ரலில் ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) வந்தது, 2018 ஜூனில் அது பூஜ்யமானது, அதே ஆண்டு செப்டம்பரில் எஸ்எஸ்டி (விற்பனை வரியும் சேவை வரியும்) திரும்பியது, 2024-இல் விகிதம் மாறியது. இந்த நாட்டில் கணக்கியல் மென்பொருள் எழுதுபவர் தேதியில்லாத வரி விகிதத்தை எங்கேயும் எழுதக்கூடாது. எதிர்பார்க்கும் விடைகளையும் ஸ்கிரிப்ட் கணக்கிட வேண்டாம். 100 ரிங்கிட் உணவுக்கு வரி 6 ரிங்கிட் என்று ஒரு மனிதர் கையால் எழுதி வைக்கட்டும்.

செந்தூல் நிரலாளர் (கோலாலம்பூர்)

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. தாளில் எழுதிப் பார்த்தேன்; 31-இல் 12 பெயர்கள் ஒரு நாள் ஸ்கிரிப்டுகள், நீக்கிவிட்டோம். ரெப்போக்களை இணைப்பது பற்றி: இரண்டு ரெப்போக்களின் நிரலைப் பங்காளி நிறுவனம் ஒன்றும் பார்க்கிறது, மற்றவற்றை அவர்களுக்குத் திறக்க முடியாது. அதனால் அந்த இரண்டும் தனியாகவே இருக்கும். மற்ற ஒன்பதை இணைப்பதைப் பிறகு பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறோம்.

ஒரு துணைக் கேள்வி. எங்கள் ஸ்கிரிப்டுகளில் பெரும்பாலானவை பாஷ் என்ற கட்டளை மொழியில் எழுதப்பட்டவை. குழுவில் பாதிப் பேர் மேக் பயன்படுத்துகிறார்கள், நான்கு பேர் விண்டோஸ், மற்றவர்கள் உபுண்டு. எல்லாவற்றையும் பைத்தானுக்கு மாற்றிவிடலாமா, அல்லது பாஷிலேயே ஒழுங்குபடுத்தலாமா?

பிரிக்பீல்ட்ஸ் வாசி (கோலாலம்பூர்)

இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். மூன்று வகைக் கணினிகளும் கலந்த ஒரு குழுவில் இந்த மாற்றத்தை நானே செய்திருக்கிறேன்.

மேக்கோடு வரும் பாஷ் இன்னும் 3.2 பதிப்பே. அதற்குப் பிந்தைய பாஷ் ஜிபிஎல் 3 உரிமத்துக்கு மாறியதால் ஆப்பிள் அங்கேயே நின்றுவிட்டது. பெயரிட்ட திறவுகளைக் கொண்ட அசோசியேட்டிவ் வரிசை பாஷ் 4-இல்தான் வந்தது என்பதால், உபுண்டுவில் எழுதிச் சோதித்தது மேக்கில் உடைகிறது. கோப்பை அதே இடத்தில் திருத்தும் செட் (sed) கட்டளையும் இரண்டிலும் ஒன்றல்ல. லினக்ஸில் அந்த விருப்பத்துக்குப் பின்னால் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. மேக்கில் காப்புக் கோப்பின் பின்னொட்டைக் கொடுக்கவேண்டும், வேண்டாமென்றால் வெற்று மேற்கோள்குறியாவது வேண்டும். கொடுக்காவிட்டால், நீங்கள் எழுதிய திருத்தக் கட்டளையையே பின்னொட்டு என்று எடுத்துக்கொண்டு, புரியாத பிழைச் செய்தியைத் தரும். நேற்றைய தேதியைக் கணக்கிடும் டேட் கட்டளையின் விருப்பங்களும் இரண்டிலும் வெவ்வேறு. விண்டோஸில் வரி முடிவுகள் வேறு மாதிரி சேமிக்கப்பட்டு, அந்த ஸ்கிரிப்ட் லினக்ஸுக்குப் போகும்போது, முதல் வரியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு 'இன்டர்பிரட்டர் இல்லை' என்று நின்றுவிடும். கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில், ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கு எப்போதும் லினக்ஸ் வரி முடிவுதான் என்று ஒரு வரி எழுதி வைத்தால் இது மட்டும் நிரந்தரமாகத் தீரும்.

நான் கடைப்பிடிக்கும் அளவுகோல் எளியது. இரண்டு மூன்று கட்டளைகளை வரிசையாக ஓட்டுவது மட்டும்தான் வேலை என்றால் பாஷ் போதும். வரிசை, தேதிக் கணக்கு, ஜேசன் வடிவத் தரவின் வாசிப்பு, மூன்றாவது 'இஃப்' என்று வந்துவிட்டால் பைத்தான். பாஷில் 'பிழை வந்தால் நில்' என்ற அமைப்பை முழுமையாக நம்பாதீர்கள். ஒரு ஃபங்ஷனை 'இஃப்' நிபந்தனைக்குள் அழைத்தால், அந்த ஃபங்ஷனுக்குள் நடக்கும் பிழைகளுக்கு அந்த அமைப்பு செயல்படாது. உள்ளே பாதி தோற்றாலும் ஸ்கிரிப்ட் தொடர்ந்து ஓடும். குழாயில் இணைத்த கட்டளைகளிலும், பைப்ஃபெயில் அமைக்காவிட்டால், கடைசிக் கட்டளையின் முடிவுதான் கணக்கு. மீதமிருக்கும் பாஷ் கோப்புகள் எல்லாவற்றையும் ஷெல்செக் கருவி வழியாக சிஐயில் ஓட்டுங்கள். மேற்கோள்குறி விட்டுப்போன இடங்களையெல்லாம் அது காட்டிக்கொடுத்துவிடும். பைத்தான் ஸ்கிரிப்டுகளை முடிந்தவரை அதன் சொந்த நூலகங்களைக் கொண்டே எழுதுங்கள். சோதனையை ஓட்டுவதற்கு முன் 15 பொதிகளை நிறுவவேண்டும் என்றால் யாரும் ஓட்டமாட்டார்கள். கணினியோடு வரும் பைத்தானையும் நம்பவேண்டாம். மேக் 2022-இல், 12.3 பதிப்பில், பைத்தான் 2.7-ஐ எடுத்துவிட்டபோது எங்கள் ஸ்கிரிப்டுகள் ஒரே வாரத்தில் ஒவ்வொரு கணினியாக விழுந்தன.

நீங்கள் பதிப்பு எண்ணைப் பொறிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றைக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது கிட் டேகிலிருந்து (ஒரு கமிட்டுக்கு இடும் பெயர்க்குறி) எண்ணை எடுப்பதாக இருந்தால், சிஐ எவ்வளவு வரலாற்றை இறக்குகிறது என்று பாருங்கள். வேகத்துக்காகக் கடைசிக் கமிட்டை மட்டும் இறக்கும் அமைப்பில் டேகுகள் வராது. உங்கள் கணினியில் ஓடும் அதே ஸ்கிரிப்ட் அங்கே எண் கிடைக்காமல் தோற்கும்.

பட்டர்வொர்த்தான் (பினாங்கு)

ஆயர் ஈத்தாம் நண்பர் வரி விகிதத்தைப் பற்றி எழுதியது நான் எழுதியிருக்க வேண்டியது. கூடுதலாக ஒன்று. பொது ரெப்போவுக்கு இரண்டு பேர் பெயர் சொல்லிப் பொறுப்பாக இருக்கவேண்டும். கோட்ஓனர்ஸ் கோப்பில் அவர்களை எழுதிவிட்டால், அவர்கள் பார்க்காமல் மாற்றம் நுழையாதபடி தடுக்கலாம். ஒரு கட்டளையின் பெயரையோ விருப்பத்தையோ நீக்கும்போது, முதலில் ஒரு வெளியீடு முழுக்க எச்சரிக்கை மட்டும் காட்டுங்கள். அடுத்த பெரிய பதிப்பில் நீக்குங்கள். எல்லா ரெப்போக்களும் எப்போதும் கடைசிப் பதிப்பையே எடுக்கட்டும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் பினாங்கில் ஒருவர் வெள்ளி மாலை செய்த திருத்தம், கோலாலம்பூரில் வேறொருவரின் அவசர வெளியீட்டை நிறுத்தும்.

செந்தூல் நிரலாளர் (கோலாலம்பூர்)

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். 12 நீக்கியபின் 19 மிஞ்சின. அவற்றில் ஏழு, பெயர் ஒன்றாக இருந்தாலும் உண்மையில் அந்தந்த ரெப்போவுக்கே உரியவை என்று தெரிந்தது. அவற்றைப் பொதுவாக்கும் முயற்சியை விட்டுவிட்டோம். மீதி 12-உம் பொது ரெப்போவுக்குப் போயின. அவற்றில் எட்டு இப்போது பைத்தான். இரண்டு வரிப் பதிப்புக் கோப்பும் தொடக்கக் கோப்பும் 11 ரெப்போக்களிலும் வந்துவிட்டன, பங்காளி நிறுவனம் பார்க்கும் இரண்டு உட்பட. புதிய பதிப்பு வரும்போது ரெனோவேட் கருவி ஒவ்வொரு ரெப்போவிலும் புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தை இணைக்கும்படி கேட்கும் கோரிக்கை) திறக்கிறது. சோதனை பச்சையானால் அந்த ரெப்போவின் பொறுப்பாளர் இணைக்கிறார்.

வரி விகிதங்கள் தேதியோடு தனிக் கோப்பில் இருக்கின்றன. தேதி எங்கெல்லாம் தேவையோ அங்கெல்லாம் அதை வெளியிலிருந்து கொடுக்கும்படி மாற்றினோம். இயந்திரத்தின் கடிகாரத்தை எந்தச் சோதனையும் பார்ப்பதில்லை. விடைகளைக் கையால் எழுத எங்கள் கணக்காளர் இரண்டு பிற்பகல்கள் உட்கார்ந்தார், 64 வரிகள். அவர் எழுதியதை முதல் முறை ஓட்டியபோது நான்கு சோதனைகள் தோற்றன. மூன்றில் தவறு எங்கள் மென்பொருளுடையது: தள்ளுபடிக்குப் பிறகு கணக்கிட வேண்டிய வரியை, தள்ளுபடிக்கு முன்னிருந்த தொகையில் கணக்கிட்டிருந்தோம். நான்காவதைப் பற்றி அவர் இன்னும் சுங்கத் துறையின் வழிகாட்டியைப் படித்துக்கொண்டிருக்கிறார்.